எல்லாருக்கும் சொல்லியாச்சா?

ஹாம்பர்க்
24 பிப்ரவரி 2019

கர்த்தரே வழி துணிக்கடை உரிமையாளருக்கு,
லாரி நிலையத்தின் பின்புறம், டெச்சிமான்.

என் பெயர் யாவ் சார்போங். தக்காளி வியாபாரி அஜோவா தாச்சிவாவின் ஒரே மகன். உங்கள் அஞ்சல் பெட்டி எண்ணை உங்கள் விளம்பரத்திலிருந்தே எடுத்தேன். போனில் பேச எனக்கு விருப்பமில்லை. பேசினால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

இங்கே ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். போன வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், அழுக்குப் போர்வை மூட்டை மேல் உட்கார்ந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்பந்து வந்தது, யாரோ ஒருவரின் கல்யாணம் வந்தது, அதற்கடுத்து உங்கள் துணி வந்தது. கறுப்பு வெள்ளை. வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் முகம், துணி முழுக்க அதே முகம். அம்மா ஜாடையில் யாரோ என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த முறை பேசும்போது அம்மாவைக் கேலி செய்யலாம் என்றும் நினைத்தேன். பிறகுதான் முகத்துக்குக் கீழே இருந்த பெயரைப் படித்தேன்.

அதற்கு மேலே நீங்கள் எழுதியிருந்தது இது: ‘ஜெர்மனியில் வாழும் நம் மக்களே! உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு எங்கள் துணி. இன்றே ஆர்டர் செய்யுங்கள்.’ கீழே ஒருவர், ‘டிசைன் அருமை, என்ன விலை?’ என்று கேட்டிருந்தார். இன்னொருவர் இதயம் போட்டிருந்தார். என் அம்மா செத்ததற்கு இதயம்.

உடனே தாய்மாமா ஒபெங்கைக் கூப்பிட்டேன். குடும்பத் தலைவர் அவர்தான். அம்மாவின் போன் கெட்டுப்போச்சு என்று அந்த வாரம் முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். “உனக்கு யாருடா சொன்னது?” என்றுதான் முதலில் கேட்டார். “ஒரு கடை சொல்லுச்சு மாமா” என்றேன். அதற்குப் பிறகு அவர் அழுதது மட்டும்தான் கேட்டது. பிரெமனில் இருக்கும் என் சித்தி மகன் சனிக்கிழமை என் அறைக்கு வந்து, என்னை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அப்புறம் சொல்வதாக ஏற்பாடாம். நம் ஊரில் சாவை அப்படித்தானே சொல்வார்கள். ஒரே பிள்ளையின் காதில் விழாமல் ஊருக்கு அறிவிக்கக் கூடாது என்று, தெரிந்தவர்கள் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சந்தையில் பாதிப் பேருக்குத் தெரியுமாம். ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் சொல்லிவிட்டீர்கள்.

விளம்பரத்தை எடுக்கச் சொல்லி மாமா உங்களிடம் வந்திருப்பார். எடுத்தீர்களா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இப்போது குரல் மட்டும் வரும் பட்டன் போன் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அந்த விளம்பரத்தால் உங்களுக்கு வியாபாரம் ஆனதா?

யாவ் சார்போங்


டெச்சிமான்
14 மார்ச் 2019

மதிப்புக்குரிய திரு. யாவ் சார்போங் அவர்களுக்கு,

யா ஃப்ரெமா எழுதுவது. கடை என்னுடையதுதான். உங்கள் கடிதம் வந்து நாலைந்து நாள் ஆகிறது. எழுதி எழுதிக் கிழித்துப்போட்டு, இதையாவது அனுப்பிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விளம்பரத்தை எடுத்துவிட்டேன். உங்கள் மாமா கடை வாசலில் வந்து நின்ற அன்றே எடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. “நீ இந்த ஊர்க்காரிதானே?” என்று மட்டும் கேட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அப்புறம் வழக்கப்படி ஒரு பாட்டில் ஜின்னும் ஒரு ஆடும் எடுத்துக்கொண்டு, சர்ச் மூப்பர் ஒருவரை முன்னால் விட்டு, மன்னிப்புக் கேட்கப் போனேன். பாட்டிலை வாங்கிக்கொள்ளவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு சந்தை நடுவாக வந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். கையோடு உங்கள் வீட்டு ஆர்டரையும் மாமா எடுத்துக்கொண்டு குமாசியில் ஒரு கடைக்குப் போய்விட்டார்.

என் நிலைமையையும் கொஞ்சம் கேளுங்கள். இந்த ஊரில் யார் இறந்தாலும், அவர் முகம் அச்சடித்த துக்கத் துணிக்கு என்னிடம்தான் வருவார்கள். என் கடைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது, எதற்கு என்று விட்டிருந்தேன். பிறகு குமாசிக் கடைக்காரர்கள் போனில் விளம்பரம் போட ஆரம்பித்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபோது அவர் பிள்ளைகள் குமாசித் துணி கட்டிக்கொண்டு என் கடையைத் தாண்டி ஊர்வலம் போனார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டு அதைப் பார்த்தேன். “என்னடி, உன் கடையில துணி தீந்துபோச்சா?” என்று எதிர்க்கடை செருப்புக்காரி கேட்டாள்.

அப்புறம்தான் பெர்னார்டைப் பிடித்தேன். ஆக்ராவில் சின்னக் கடைகளுக்கு விளம்பரம் போட்டுக் கொடுக்கிறவர், எங்கள் சர்ச் பொருளாளரின் மருமகன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு விளம்பரம் போட்டோம். இதயம் இதயமாக வந்து குவிந்தது. கட்டைவிரல் வந்தது. ஒரு ஆள் கடைப் படி ஏறவில்லை. “ஊர்ல இருக்கறவங்களுக்குக் காட்டி என்னக்கா பிரயோஜனம்? சாவுத் துணிய முடிவு பண்றது வெளிநாட்டுப் பிள்ளைங்கதான். அவங்க போனுக்குப் போவோம்” என்றார் பெர்னார்டு. ஜெர்மனி, இத்தாலி என்று ஊரைக் குறித்தார். வயதைக் குறித்தார். டெச்சிமான் பக்கம் பிறந்தவர்கள் என்றும் குறித்தார். அப்படியெல்லாம் குறிக்க முடியுமாம்.

அந்த நேரம் பார்த்து உங்கள் மாமா அம்மாவின் படத்தோடு வந்தார். மாதிரித் துணி அடித்தேன். அழகாக வந்திருந்தது. போட்டோ எடுத்து பெர்னார்டுக்கு அனுப்பினேன். எங்கள் தொழிலில் துணியை வெளியே தொங்க விடுவதற்கு முன்னால், எல்லாருக்கும் சொல்லியாச்சா என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும். கடை வாசலில் தொங்க விடுவதாக இருந்தால் கேட்டிருப்பேன், சத்தியமாகக் கேட்டிருப்பேன். போனில் போடுவது வெளியே தொங்க விடுவது என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. டெச்சிமானில் பிறந்து ஜெர்மனியில் இருக்கிற, உங்கள் வயசு ஆண்பிள்ளைகளைத் தேடு என்று பெர்னார்டு வழியாக அந்த இயந்திரத்துக்குச் சொன்னது நான்தான். அது தேடி உங்களிடம் வந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில். ஆனது. அந்த ஒரு விளம்பரத்துக்குத்தான் ஆனது. மிலானிலிருந்து வந்தது, உங்கள் ஹாம்பர்க்கிலிருந்தே ஒரு குடும்பம் கேட்டது. அந்த அம்மா துணி மாதிரியே வேண்டும் என்று கேட்டார்கள். அடித்து அனுப்பியும் விட்டேன். அவர்களும் துக்க வீட்டுக்காரர்கள்தானே என்று நினைத்தேன். இதை உங்களிடம் மறைத்திருக்கலாம், மனசு வரவில்லை.

இப்போது பெண்கள் என் கடைக்கு வருவதில்லை. ‘சாவை முந்திச் சொன்னவள்’ என்று பேர். இதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

யா ஃப்ரெமா


ஹாம்பர்க்
31 மார்ச் 2019

யா ஃப்ரெமா அவர்களுக்கு,

உண்மையைச் சொன்னீர்கள். அதற்காக நன்றி என்று எழுத வேண்டும், கை வரவில்லை. இந்த ஊரில் ஏதோ ஒரு வீட்டில் என் அம்மாவின் துணியைப் பார்த்து அடித்த துணி இருக்கிறது. பஸ்ஸில் நம் ஊர்ப் பெண்கள் யாரைப் பார்த்தாலும், நீங்களா, நீங்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் தப்பிப்பதற்காகப் பதில் சொல்லாதீர்கள், உங்கள் பதிலை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது.

என் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சந்தையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கறுப்பு வெள்ளை யாருக்கு? பேரன் பேத்தி எடுத்து, எண்பது தொண்ணூறு வாழ்ந்து, போதும் என்று போனவர்களுக்கு. இப்படிப் போனவளுக்குச் சிவப்பும் கறுப்பும்தான். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அம்மாவுக்கு வெள்ளை போடச் சொன்னது யார்?

மாமாவிடம் கேட்டேன். “நான் சிவப்புதான்டா சொன்னேன்” என்கிறார். “என் கண்ணால பாத்தேன் மாமா. வெள்ளை” என்றேன். “அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றியா?” என்றார். ஆமாம் என்றேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். அவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். “உங்க அக்கா செத்தது உங்களுக்குக் கல்யாணச் சாவு மாதிரி இருக்கா? காரியத்த சீக்கிரம் முடிச்சுக் கைகழுவணுமா?” என்றும் கேட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டார். இப்போது நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

நான் ஊருக்கு வர முடியாது. என் காகிதங்கள் இன்னும் இந்த ஊர் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. எல்லையைத் தாண்டினால் திரும்ப விட மாட்டார்கள். நம் ஊர் வழக்கப்படி அடக்க நாள் வரை அம்மா மாதக்கணக்கில் பிணவறையில் காத்திருக்கிறாள், மகன் வந்து மண் போட மாட்டான், தம்பி வெள்ளைத் துணியில் அவளை அனுப்பப் போகிறார். எனக்குத் தெரிந்தவரை நிலைமை இதுதான். நான் நினைப்பது தப்பு என்றால் சொல்லுங்கள்.

யாவ்


டெச்சிமான்
15 ஏப்ரல் 2019

தம்பி யாவ்,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ‘மதிப்புக்குரிய’ என்று ஆரம்பித்து எழுத முடியவில்லை.

நீ நினைப்பது தப்பு. உன் மாமா கேட்டது சிவப்பு. “ரத்தச் சிவப்பு போடு. எங்கக்கா பாதி வழியில போயிட்டா” என்றுதான் சொன்னார். சொல்லும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். அவருக்கு அடித்துக் காட்டியது சிவப்புத் துணி. அதைத்தான் அவர் பார்த்து, சரி என்று சொன்னார். விளம்பரத்தை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

வெள்ளை என் வேலை. சிவப்பைப் போட்டோ எடுத்துப் பார்த்தால், போனில் முகம் தெரியாமல் இருண்டுபோய் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் போட்டதும் சிவப்புதான், இதயம் போட்டுவிட்டுப் போனார்களே தவிர யாரும் நின்று பார்க்கவில்லை. “வெள்ளையில ஒண்ணு அடிங்கக்கா, பளிச்சுனு தெரியும், தள்ளிட்டுப் போற விரல் நிக்கும்” என்றார் பெர்னார்டு. விளம்பரத்துக்காக மட்டும் ஒரே ஒரு துண்டு வெள்ளையில் அடித்தேன். விரல் நின்றது. அவள் எந்த வயதில் போனாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். போன கடிதத்தில் இதை எழுதாமல் விட்டது மறதியால் அல்ல, பயத்தால்.

இதையெல்லாம் உன் மாமா வீட்டு வாசலில் நின்று அவரிடமும் சொல்லிவிட்டு வந்துதான் உனக்கு எழுதுகிறேன். அவர் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அவன் என்னைப் பொய்யன்னு சொல்லிட்டான், தெரியுமா?” என்றார். தெரியும் ஐயா என்றேன். “அவன் கண்ணு பாத்தத அவன் சொன்னான். அதுல என்ன தப்பு” என்றார். அவரைக் கூப்பிடு. எடுப்பார்.

இன்னொரு விஷயம். நீ விலை கேட்டவர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். நீ போனை மூடிய பிறகும், நான் விளம்பரத்தை எடுக்கும்வரை, வேறு ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மனியில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்ப, அவர்கள் வேறு யாருக்கோ அனுப்ப, அது வடக்கே லாரிக்காரர்கள் வரைக்கும் போயிருக்கிறது. நினைவில் இருப்பதை எழுதுகிறேன். நவ்ரோங்கோவிலிருந்து ஒரு டிரைவர்: “இது தக்காளி தாச்சிவா தானே? ஐயோ! லாரி அச்சு முறிஞ்சப்ப ராத்திரி பூரா எங்கூட ரோட்டோரம் உக்காந்திருந்த அம்மா. தன்னோட கென்கே உருண்டையில பாதிய பிச்சுக் குடுத்தா.” ஒரு பெண்: “பெட்டிக்கு அடியில சொத்தப் பழம் வைக்காத ஒரே ஆளு இந்த மார்க்கெட்ல.” அதற்குக் கீழே இன்னொருத்தி: “ஆனா வாய் இருக்கே! ஒரு தடவ எங்கம்மாவத் திட்டின திட்டுல மூணு லாரி திரும்பிப் பாத்துச்சு. கடவுள் அவளுக்கு நல்ல இடம் குடுக்கட்டும்.” புர்க்கினா எல்லைப் பக்கத்திலிருந்து ஒருவர் அரைகுறையாக எழுதியிருந்தார்: “அம்மா என் சம்பந்தி மாதிரி. எப்போ அடக்கம்? யாராவது சொல்லுங்க.”

அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

யா ஃப்ரெமா


ஹாம்பர்க்
29 ஏப்ரல் 2019

ஃப்ரெமா அக்கா,

மாமாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள், “சாப்பிட்டியாடா?” என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் எதையும் ஒழுங்காகப் பேசவில்லை, அழுதோம். அட்டையில் காசு தீர்ந்து போன் அணைந்தது.

அடக்கம் ஜூன் எட்டாம் தேதி, சனிக்கிழமை.

அக்கா, அந்த லாரிக்காரர்களை எனக்குத் தெரியாது. அம்மா வாரத்தில் நான்கு நாள் சாலையில் இருப்பாள். நவ்ரோங்கோ, பாகா, எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம். அவளுக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது என்பதே எனக்கு உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிகிறது. சம்பந்தி மாதிரி என்று ஒருவர் சொல்கிறார், அவர் பெயர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குக் குடும்பத்திலிருந்து யார் போய்ச் சொல்வார்கள்? சுவரொட்டி டெச்சிமானில் ஒட்டுவார்கள், ரேடியோவில் நம் பாஷையில் சொல்வார்கள். அவர்கள் காதில் விழாது.

அதனால் கேட்கிறேன். விளம்பரத்தைத் திரும்பப் போடுங்கள். இந்த முறை சிவப்புத் துணி. இருட்டாகத் தெரிந்தால் தெரியட்டும். பெயரும் நாளும் இடமும் மட்டும் இருக்கட்டும், ஆர்டர் என்ற வார்த்தை வேண்டாம். ஜெர்மனிக்கு வேண்டாம், அந்தச் சாலைக்குக் காட்டச் சொல்லுங்கள். லாரி ஓட்டுகிறவர்கள், தக்காளி போடுகிறவர்கள். என்னைத் தேடிப் பிடித்த அதே இயந்திரம் அவர்களைத் தேடிப் பிடிக்கட்டும். செலவை நான் அனுப்புகிறேன்.

துணியையும் நீங்களே அடிக்க வேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். “அவகிட்டயா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்றார். “குமாசிக்காரன் எங்கம்மா முகத்த முதல்ல இருந்து கத்துக்கணும் மாமா. அவங்க கைக்கு ஏற்கெனவே தெரியும்” என்றேன். “பாக்கலாம்” என்றார். மாமா பார்க்கலாம் என்று சொன்னால் சரி என்று அர்த்தம்.

யாவ்


டெச்சிமான்
16 மே 2019

தம்பி யாவ்,

உன் மாமாவே படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

துணி அச்சாகிக்கொண்டிருக்கிறது. விளம்பரத்துக்கு உன் காசு வேண்டாம். அந்த வெள்ளைத் துணி விளம்பரத்தில் வந்த பணம் என் கையில் அப்படியே இருக்கிறது, தொடப் பிடிக்காமல் வைத்திருந்தேன். அது இதற்குப் போகட்டும்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு முறை தவறினால் இந்த ஊரில் நான் முகத்தைக் காட்ட முடியாது. கடையையே மூடிவிட்டு சுன்யானியில் தங்கை வீட்டோடு போய்விடலாமா என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுகூட ஒரு வீட்டார் வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, “அந்தக் கடை இதானா?” என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

பெர்னார்டு சண்டைக்கே வந்துவிட்டார். “விலை இல்ல, ஆர்டர் பட்டன் இல்ல, படமும் இருட்டு. இதுக்கு யாருக்கா காசு போடுவா? உங்களுக்கு என்ன கிடைக்கும்?” என்றார். “ஆளுங்க வருவாங்க” என்றேன். “கஸ்டமரா?” என்றார். இல்லை, துக்கத்துக்கு என்றேன். அப்புறம், “என் பங்கு வேண்டாம்க்கா, சும்மா போட்டுத் தரேன்” என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை.

போடுவதற்கு முன்னால் உன் மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே கேட்டேன், “எல்லாருக்கும் சொல்லியாச்சா ஐயா?” ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கொலம்பஸ் என்கிற ஊரில் இருக்கிற அத்தை மகள், கோட் டிவாரில் இருக்கிற பெரியப்பா, கண் தெரியாத சின்னத் தாத்தா என்று எல்லாரையும் சொன்னார். கடைசியில், “யாவ். அவனுக்கும் சொல்லியாச்சு” என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போய் விளம்பரத்தைப் போடச் சொன்னேன்.

யா ஃப்ரெமா


டெச்சிமான்
12 ஜூன் 2019

தம்பி யாவ்,

உன் மாமா போனில் எல்லாம் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் பார்த்ததை நான் எழுத வேண்டும்.

சனிக்கிழமை காலையில் உடலை வீட்டு முற்றத்தில் வைத்திருந்தார்கள். சிவப்பும் கறுப்புமாகக் குடும்பத்தார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மேலும் உன் அம்மாவின் முகம். நான் தெருவோரத்தில், பந்தலுக்கு வெளியே நின்றேன். உள்ளே போக எனக்கு யோசனையாக இருந்தது.

அப்போது லாரிகள் வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல. வடக்கு ரோட்டிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. எல்லாம் காலி லாரிகள். சந்தை இல்லாத நாளில் பழம் ஏற்றாமல் டீசல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள், நினைத்துப் பார். கோடுபோட்ட வடக்கத்தி அங்கியில் டிரைவர்கள் இறங்கினார்கள். தலையில் துணி போட்ட முஸ்லிம் பெண்கள் இறங்கினார்கள். நம் பாஷை பாதிப் பேருக்கு வராது. பந்தலின் ஓரத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களிடம் சிவப்பு இல்லை. கை வீசிக்கொண்டு துக்கத்துக்கு வந்துவிட்டோமே என்று கூசிப்போய் நின்றார்கள்.

நான் கடைக்கு ஓடினேன். மிச்சம் இருந்த துணியை எடுத்துவந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து கீற்றுக் கீற்றாகக் கிழித்தேன். மணிக்கட்டில் ஒவ்வொருவருக்கும் கட்டிவிட்டேன். எல்லைப் பக்கத்திலிருந்து எழுதிய அந்தக் கிழவரும் வந்திருந்தார். கையை நீட்டிக்கொண்டு, “அம்மா, அம்மா” என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. கட்டி முடிந்ததும் அவரைக் கையைப் பிடித்து உன் மாமாவிடம் கூட்டிப்போனேன். யோசிக்காமல் உள்ளே போய்விட்டேன், போன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்றே உறைத்தது.

மாமா எழுந்து அந்தக் கிழவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீயும் உக்காரும்மா” என்றார்.

கல்லறைக்குப் போகும்போது லாரிகள் எல்லாம் பின்னால் வந்தன. மண் போடும் நேரத்தில் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தார்கள். ஊரே நடுங்கிவிட்டது தம்பி. உன் அம்மாவின் திட்டுச் சத்தம் மாதிரி இருக்கு என்று யாரோ சொன்னார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டு மறுபடி அழுதார்கள். உனக்காக உன் மாமா இன்னொரு பிடி மண் போட்டார். “இது யாவ்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போட்டார்.

“எப்படிக்கா, பலன் இருந்துச்சா?” என்று பெர்னார்டு கேட்டார். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. இதயமும் அதிகம் வரவில்லை. இருந்தது என்று சொன்னேன்.

மிலான் வரைக்கும் துணி அனுப்பிவிட்டு மறுபடி ஈ ஓட்ட உட்கார்ந்திருக்கிறேன். சுன்யானி யோசனையை இன்னும் விடவில்லை. பிரெமனுக்குத் திரும்பும் உன் சித்தி மகனிடம் உனக்கு ஒரு முழுத் துணி கொடுத்தனுப்பியிருக்கிறேன். கிழிக்காமல் எடுத்துவைத்தது அது ஒன்றுதான்.

உன் அக்கா,
யா ஃப்ரெமா


ஹாம்பர்க்
1 ஜூலை 2019

ஃப்ரெமா அக்கா,

துணி வந்தது. சனிக்கிழமை சித்தி மகன் அதைக் கொண்டுவந்தான். உள்ளே வந்ததும் என்னை உட்காரச் சொன்னான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். “மாமா என்னை அனுப்பிச்சார். உன் அம்மா போயிட்டாங்க” என்றான். எல்லாம் முடிந்த பிறகு எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிப்ரவரியில் சொல்ல வேண்டியதை அவன் சொல்லாமல் வைத்திருந்தான், நானும் கேட்காமல் இருந்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதேன். இந்தத் துணியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவன் போன பிறகு பெட்டியிலிருந்து பழைய போனை எடுத்து மின்சாரத்தில் மாட்டினேன். உங்கள் பக்கத்தைத் தேடித் திறந்தேன். அம்மா இருந்தாள், சிவப்பில், இருட்டாக. பெர்னார்டு சொன்னது சரிதான், முகம் சட்டென்று தெரியவில்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. உற்றுப் பார்த்தேன்.

கீழே லாரிக்காரர்கள் படங்கள் போட்டிருக்கிறார்கள், கையில் கீற்றோடு. எல்லாவற்றுக்கும் கடைசியில், இந்த ஊர்க்காரர் ஒருவர் இரண்டு நாளைக்கு முன்னால் எழுதியிருக்கிறார். ஹாம்பர்க்தான், எனக்குப் பழக்கமில்லை. “எங்கப்பா தவறிட்டார். இந்தத் துணி என்ன விலை?” என்று கேட்டிருக்கிறார். நீங்கள் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரியில் அந்தக் கேள்வியைப் பார்த்துத்தான் போனைச் சுவரில் எறியப் போனேன். இன்று சாப்பாட்டு இடைவேளையில், அதேபோல ஒரு போர்வை மூட்டைமேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உங்களைக் கேட்காமல் நானே பதில் எழுதிவிட்டேன். தவறாக இருந்தால் அழித்துவிடுங்கள். எழுதியது இது:

“அண்ணே, இந்தத் துணி விக்கிறதுக்கு இல்ல. இது எங்கம்மா. உங்கப்பாவுக்கு டெச்சிமான்ல லாரி ஸ்டாண்டு பின்னாடி ஃப்ரெமா அக்கா கடையில அடிச்சுக் குடுப்பாங்க. முதல்ல ஒண்ணு கேப்பாங்க, எல்லாருக்கும் சொல்லியாச்சான்னு. யாருக்காவது சொல்ல பாக்கி இருந்தா, அதை முடிச்சிட்டுப் போங்க.”

யாவ்